பந்தாட்ட அடங்கலில் யார் பெயர்?

கால்பந்து கிளப்புகளின் வீரர் பதிவுக் காலம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியோடு முடிகிறது. அதற்குள் கையெழுத்துப் போடலாமா என்று பாபநாசம், மன்னார்குடிப் பக்கத்துப் பெற்றோர்கள் கேட்டு எழுதுகிறார்கள். உடற்கல்வி ஆசிரியர்களின் கடிதங்கள் வேறு விதம். தாங்கள் ஆட வைத்த பையனைப் பெரிய கிளப் எடுத்துக்கொண்டால் பள்ளிக்கு ஏதாவது வருமா என்று கூச்சத்தோடு, கடைசி வரியில் கேட்கிறார்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்தக் கடைசி வரிக்கான பதில்.

முதலில் ஒரு பையனின் பாதை. காரைக்குடி பக்கத்துக் கண்டனூரில் பிறந்தவர் சிவசக்தி நாராயணன். இந்திய அணியின் முன்னாள் முன்கள வீரர் ராமன் விஜயன் நடத்தும் சாக்கர் ஸ்கூலில் வளர்ந்து, 2020-ல் பெங்களூரு எஃப்சியின் இளையோர் அணிக்குப் போனார். அங்கே நௌஷாத் மூசாவிடம் பயிற்சி. 2022 செப்டம்பரில் கொல்கத்தாவில் டூராண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் முதல் கோல் சிவசக்தியுடையது. பெங்களூரு மும்பை சிட்டியை 2-1 என வென்றது. அந்தப் பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கின் வளரும் வீரர் விருதும் அவருக்கே. கோப்பையோடு எடுத்த படத்தில் கிளப் இருக்கும், விருதில் வீரர் பெயர் இருக்கும். கந்தூரி மைதானத்திலும் பள்ளிக்கூடத் திடலிலும் ஒரு பையனுக்கு முதலில் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுத்தவர்கள் எதில் இருப்பார்கள்?

அதற்கும் ஃபிஃபாவில் வழி இருக்கிறது. நன்றாக யோசித்துச் செய்த வழி. ஒரு வீரர் ஒப்பந்தம் முடிவதற்குள் வேறு நாட்டுக் கிளப்புக்கு விலைபேசிப் போனால், அந்த விலையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 12 முதல் 15 வரை ஆண்டுக்கு விலையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். ஒரு கோடி ரூபாய்க்குப் போகும் பையனை 12 முதல் 15 வரை நான்கு ஆண்டு வைத்திருந்த சின்ன கிளப்புக்கு ஒரு லட்சம் வரும். நெய்மார் 2017-ல் 22.2 கோடி யூரோவுக்குப் பாரிஸ் போனபோது அவரைச் சிறுவயதில் வளர்த்த சாண்டோஸுக்கும் பங்கு உண்டாயிற்று.

இது தவிர, பயிற்சி ஈட்டுத்தொகை என்று இன்னொன்றும் உண்டு. முதல் தொழில்முறை ஒப்பந்தம் வேறு நாட்டில் என்றாலோ, 23 வயதுக்குள் நாடு மாறினாலோ, 21 வயதுவரை பயிற்சி தந்த ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டுத் தர வேண்டும். ஆசியாவில் கடைசிப் பிரிவு கிளப்புகளுக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் என்பது ஃபிஃபா போட்ட விலை. 12 முதல் 15 வரையான ஆண்டுகளுக்குப் பொதுவாக இந்தக் கடைசிப் பிரிவு விலைதான். பையனை வாங்கும் கிளப்பே அந்தக் கடைசிப் பிரிவில் இருந்தால் அதுவும் இல்லை.

இங்கேதான் சிக்கல். பணம் உழைப்பைப் பார்த்து வராது, பதிவைப் பார்த்து வரும். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது. எந்த ஆண்டில் எந்த கிளப்பில் பதிவாகியிருந்தார் என்ற பட்டியல் அது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் என்று கிராமத்தில் எழுதும் அடங்கல்தான் அது. சம்பா காப்பீட்டுக்கு நவம்பரில் அலைகிறவர்களுக்குத் தெரியும்: சேற்றில் இறங்கி நட்டவர் குத்தகைதாரர், அடங்கலில் இருப்பது நிலக்காரர். வெள்ளத்தில் பயிர் போனால் நிவாரணம் யார் வீட்டுக்குப் போகும் என்பது ஊரறிந்த கதை. பந்தாட்டத்தில் குத்தகைதாரர் நம் உடற்கல்வி ஆசிரியர். கால்பந்துச் சங்கத்தில் இணையாத பள்ளி, தனியார் அகாடமி, ஊர் இளைஞர் மன்றம் எதுவும் ஃபிஃபா கணக்கில் கிளப் ஆகாது.

2022 நவம்பரிலிருந்து பணத்தைப் பிரிக்க பாரிஸில் ஒரு தீர்வகத்தை (கிளியரிங் ஹவுஸ்) ஃபிஃபா இயக்குகிறது. சின்ன கிளப்புகள் இனிமேல் கேட்டு அலைய வேண்டாம், பங்கு தானாகவே வரும் என்பது அறிவிப்பு. தானாக என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. வீரரின் பாஸ்போர்ட் கணினியில் 10 நாள் பார்வைக்கு இருக்கும். கிளப்பின் பெயர் விடுபட்டிருந்தால் அதற்குள் தேசியச் சங்கம் வழியாகத்தான் கேட்க வேண்டும். திருக்காட்டுப்பள்ளியில் இருப்பவருக்கு அந்தப் பத்து நாள் எப்போது வந்தது, எப்போது போனது என்று யார் சொல்வார்கள்? வளர்த்த கிளப் மூடிப்போயிருந்தால், அதை நிரூபித்து அந்தப் பங்கைத் தேசியச் சங்கமே வாங்கிக்கொள்ளலாம், இளையோர் வளர்ச்சிக்கென்று. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வராமல் போவதற்கு எப்போதும் ஒரு காரணம் எழுதியிருக்கும்.

இன்னொரு மதகும் மூடித்தான் இருக்கிறது. மேலே சொன்னதெல்லாம் நாடு விட்டு நாடு போனால். நம் பையன்கள் போவது பெரும்பாலும் சென்னைக்கும் பெங்களூருக்கும் கோவாவுக்கும். சிவசக்தியும் அப்படித்தான் போனார். நாட்டுக்குள் வளர்த்த கிளப்புக்குப் பரிசளிக்க ஒரு முறை இருக்க வேண்டும் என்று ஃபிஃபா விதி சொல்கிறது. எவ்வளவு என்பதை அந்தந்த நாட்டுச் சங்கத்திடம் விட்டுவிட்டது. நம் தேசியச் சங்கம் அகாடமிகளுக்கு நட்சத்திரம் போட்டு அங்கீகாரம் தருகிறது. நட்சத்திரம் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். பந்து வாங்கக் கடையில் கேட்பது ரூபாய்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

18 வயதுக்குள் எத்தனை ஆண்டுக்குக் கையெழுத்துப் போடலாம்? அதிகபட்சம் மூன்று.

18-க்கு முன் வெளிநாட்டுக் கிளப்? சில விதிவிலக்குகள் தவிர, கிடையாது. ஏற்பாடு செய்கிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் ஜாக்கிரதை.

ஒப்பந்தம் முடிந்து விலையில்லாமல் போனால் அந்த 5 சதவீதம்? விலையே இல்லை, பங்கு ஏது.

வயதைக் குறைத்துக் காட்டலாமா? கூடாது. எலும்புச் சோதனையில் மாட்டிக்கொண்டால் பையனின் பெயர்தான் கெடும்.

ஆசிரியர் இப்போது என்ன செய்யலாம்? மாவட்டச் சங்கத்தில் இணைந்த ஒரு கிளப் வழியாகப் பையன்களை 12 வயதிலேயே பதிவு செய்யுங்கள், ஒவ்வோர் ஆண்டும்.

தஞ்சைப் பக்கம் ஒரு பயிற்சியாளரிடம் ரப்பர் பேண்ட் போட்ட லாங் சைஸ் நோட்டு ஒன்று பார்த்தேன். பெயர், பிறந்த தேதி, பக்கத்தில் பூட்ஸ் அளவு. ஒரு பையனுக்கு 4 என்று எழுதி அடித்து 5, அதையும் அடித்து 7. கால் வளர்ந்த மூன்று நான்கு ஆண்டுக் கணக்கு அந்த ஒரு வரியிலேயே இருந்தது. எந்த கிளப்பில் பதிவு என்று எழுத நோட்டில் கட்டமே இல்லை. இந்த ஆகஸ்ட் முடிவதற்குள் அவர் போட வேண்டிய கோடு அந்தக் கட்டத்துக்குத்தான்.