சித்திர ஓடுகளுக்கு ஓக் மரச் சட்டம்

சூளையில் ஆயிரம் டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் வெந்து வெளிவந்த களிமண் ஓடு, அதன் பின்னர் பருவத்துக்குப் பருவம் அளவில் மாறுவதில்லை என்றே கொள்ளலாம். மரமோ வெட்டி நூறாண்டு கழிந்த பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருத்தும், அதை வெளியிட்டுச் சுருங்கியும் வருகிறது. இவ்விரண்டையும் ஒன்றாக இணைக்க முற்படும் தச்சர் எதிர்கொள்ளும் பிரச்சினை இதுவே.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கைவினைக்குப் புத்துயிர் அளிக்க ஓர் இயக்கம் தோன்றிற்று. பாஸ்டன் நகரில் க்ரூபி நிறுவனத்தார் மங்கிய பச்சை நிறப் பூச்சுடைய ஓடுகளையும், பின்னர் கலிபோர்னியாவில் எர்னஸ்ட் பாட்செல்டர் புடைப்புச் சித்திர ஓடுகளையும் கையால் செய்து புகழ் பெற்றனர். கணப்படுப்பைச் சுற்றிப் பதிக்கப்பட்ட இவ்வகை ஓடுகள் இன்று தனித்தனியே சட்டமிடப்பட்டுச் சுவர்களை அலங்கரிக்கின்றன. அச்சட்டங்களுக்கு அவ்வியக்கத்தார் பெரிதும் விரும்பிய வெள்ளை ஓக் மரமே பொருத்தமானதெனக் கருதப்படுகிறது.

பச்சை மரம் முற்றிலும் உலரும்போது வெள்ளை ஓக், வளர்ச்சி வளையங்களின் போக்கில் 10.5 சதவீதமும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரப்போக்கில் 5.6 சதவீதமும் சுருங்குகிறது. நீளவாட்டில் சுருக்கம் மிகமிகச் சொற்பம். ஆகவே பலகையின் அகலம் ஆரப்போக்கில் அமையுமாறு அறுத்த மரத்தில் அசைவு ஏறக்குறையப் பாதியாகிறது. ஆங்கிலத்தில் 'க்வார்ட்டர் ஸான்' எனப்படும் இம்முறையில் மரம் அதிகம் வீணாவது உண்மையே. ஆயினும் மரத்தின் கதிர்த் திசுக்கள் பலகையின் முகத்தில் வெள்ளி மின்னும் கீற்றுகளாக வெளிப்படுவது கூடுதல் ஆதாயம்.

நான்கு துண்டுகளையும் 45 பாகைச் சாய்வில் வெட்டி மூலை சேர்ப்பது எளிது. ஆனால் மரம் அகலத்தில் மட்டும் சுருங்கி நீளத்தில் சுருங்காமையால் அந்தச் சாய்வு மாறி, வறண்ட பருவத்தில் மூலையின் உட்புறம் வாய் பிளக்கும். துளையும் கழுந்துமாகச் செய்த இணைப்பே உறுதியானது என்பது நம் கருத்து. கதவு செய்யும் தச்சர் எவரும் இதை ஒப்புவர்.

ஓடு அமர்வதற்குச் சட்டத்தின் பின்புற உள்விளிம்பில் காடி எடுக்கவேண்டும். கையால் செய்த ஓடுகள் ஒன்றுபோல் ஒன்று இரா. ஆதலால் ஒவ்வொன்றையும் அளந்த பிறகே காடியின் அளவைத் தீர்மானித்தல் வேண்டும். சுற்றிலும் 1/16 அங்குல இடைவெளி விடுவது சிறிய ஓடுகளுக்குப் போதும். இடைவெளியின்றி இறுக்கிவிட்டால், ஈரமான கோடையில் பருக்கும் சட்டம் உள்நோக்கி நெருக்கும். சுட்ட மண் அழுத்தத்தைத் தாங்க வல்லதாகையால் பெரும்பாலும் தோற்பது சட்டத்தின் மூலையே. ஓட்டில் முன்பே மயிரிழைக் கீறல் இருப்பின் அதுவும் தப்பாது.

இனி நிறமூட்டும் முறை. ஓக் மரத்தில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மாசிக்காய், ஓக் இனத்து மரமொன்றில் பூச்சியால் உண்டாகும் முடிச்சே என்பதை நினைவுகூர்ந்தால் அத்துவர்ப்பு விளங்கும். இழைத்து, உப்புத்தாளால் தேய்த்த சட்டத்தை மூடிய பெட்டியில் வைத்து, அருகே ஒரு தட்டில் 26 முதல் 28 சதவீத அமோனியாக் கரைசலை வைத்தால், அதன் ஆவி டானினுடன் ரசாயனச் சேர்க்கையுற்று மரம் பழுப்பாகிறது. சில மணி நேரம் முதல் இரண்டு நாள் வரை ஆகலாம். சாயம்போல் மேலே படியாமல், நிறம் மரத்தினுள்ளேயே பிறப்பதால் கீற்றுகள் மறைவதில்லை. டானின் குறைந்த வெளிவெண்மரம் வெளிறியே நிற்குமாதலால் அதைத் தொடக்கத்திலேயே நீக்கிவிடவேண்டும். இவ்வாவி கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கொடியது. திறந்த வெளியில், கண்காப்பும் தக்க சுவாசக் காப்பும் அணிந்தே இப்பணியைச் செய்யவேண்டும்.

பெட்டியிலிருந்து எடுத்ததும் சட்டம் சாம்பல் படர்ந்து உயிரற்றுத் தோன்றும். அதைக் கண்டு சோர்வடைய வேண்டியதில்லை. நம் நாட்டு அரக்கிலிருந்து செய்யும் ஷெல்லாக்கை மெல்லிதாக இருமுறை பூசி, மேலே தேன்மெழுகு தேய்த்தால் செம்மை கலந்த பழுப்பு எழும். பூச்சுகளுக்கிடையே இரும்புக் கம்பிப்பஞ்சைப் பயன்படுத்துவது தவறு: அதன் துகள்கள் ஈரத்தில் டானினுடன் சேர்ந்து, பழைய நாள் எழுதுமையைப்போல் கரும்புள்ளிகளாகிவிடும். இதே காரணத்தால் திருகாணிகளும் பித்தளையாகவே இருத்தல் நலம்.

இறுதியில் ஓட்டைக் காடியில் வைத்து, பக்கங்களில் மெல்லிய தக்கைத் துண்டுகளைத் தளர்வாகச் செருகி, பின்புறம் மெல்லிய பலகையொன்றைத் திருகாணியால் பொருத்தவேண்டும். பசையிட்டு ஒட்டலாகாது, ஒட்டினால் பின்னொரு நாள் சட்டம் பழுதுறும்போது ஓட்டைச் சேதமின்றி வெளியே எடுக்க இயலாமற் போகும்.