கடை மின்னஞ்சலில் எதை எங்கே வைப்பது?

பண்டிகைக் காலத்தில் கொழும்புக் கடைகள் அனுப்பும் விளம்பர மின்னஞ்சல்களில் பல, ஒரே ஒரு படமாகத்தான் வருகின்றன. மருதானை அச்சகத்தில் துண்டுப்பிரசுரத்துக்கென்று செய்ததையே படக்கோப்பாக்கி, மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். தாளில் அது நன்றாகத்தான் இருந்திருக்கும். போனில் வாசிக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1080 பிக்சல் அகலப் படம் 360 பிக்சல் அகலத் திரையில் மூன்றிலொன்றாகச் சுருங்குகிறது. அதில் 24 பிக்சலில் இருந்த ‘20% விலைக்கழிவு’ 8 பிக்சலாகிவிடும். அந்த அளவில் ‘கி’க்கும் ‘கீ’க்கும் உள்ள சுழி வித்தியாசமே தெரியாது. அலுவலகக் கணினியில் அவுட்லுக்கில் திறப்பவருக்கு இன்னும் மோசம்: தெரியாதவர் அனுப்பிய படத்தை அது பெரும்பாலும் தடுத்துவைப்பதால், வெறும் கட்டம்தான் தெரியும்.

இந்தப் பழக்கம் வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. நம் அச்சகங்களில் நெடுங்காலம் புழங்கியது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. அது இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். ஆகவே படமாக்கி அனுப்புவதே பாதுகாப்பு என்று ஆயிற்று. இன்றைய போன்களில் யூனிகோட் தமிழ் தானாகவே தெரிகிறது. பாமினிக் கோப்பை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள். விலை, திகதி, முகவரி மூன்றும் எழுத்தாகவே இருக்கட்டும். படம் பொருளைக் காட்ட மட்டும்.

அமைப்புக்கு ஒற்றை நிரலே நல்லது. கணினியில் 600 பிக்சல் அகலம் போதும். போனில் அது திரைக்கு ஏற்ப ஒடுங்க வேண்டும். தமிழுக்கு எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறையக்கூடாது. மேலே சுழியும் கீழே வாலும் உள்ள எழுத்துகள் என்பதால் வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடச் சற்றுக் கூட்டுங்கள்.

வெள்ளவத்தைப் புடவைக் கடையொன்றின் தீபாவளி மடலை எடுத்துக்கொள்வோம். டொரொண்டோவில் இருக்கும் மகள் கொழும்பிலுள்ள அம்மாவுக்குச் சாறி அனுப்ப நினைக்கிறாள். கப்ருக்கா போன்ற இணையக் கடை வளர்ந்ததே இப்படி வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பரிசு அனுப்புவோரை நம்பித்தான். அவள் முதலில் தேடுவது கடையின் வரலாற்றையா? சாறி, விலை, எந்தத் திகதிக்குள் சொன்னால் பண்டிகைக்கு முன் வீடு சேரும் என்பது, அவ்வளவுதான். கடைப்பெயர் சிறிதாக, ஒரு நல்ல படம், விலை, கடைசித் திகதி, அடுத்து ஒரு பொத்தான். இவை முதல் திரையிலேயே வந்துவிட வேண்டும். பொத்தான் 44 பிக்சல் உயரமாவது இருந்தால் பெருவிரலுக்கு வசதி. ‘இங்கே அழுத்தவும்’ என்பதைவிட ‘சாறிகளைப் பார்க்க’ என்பது தெளிவு. மற்றப் பொருட்கள் அதன் கீழே வரட்டும்.

சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒரே மடலில் அடுக்குவதை நான் ஏற்கமாட்டேன். எல்லோரையும் மதிக்கும் எண்ணம்தான், ஆனால் தமிழ் வாசகர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரும் தன் பகுதிக்கு உருட்டிப் போகவேண்டியிருக்கிறது. இன்னொன்று, மடலின் குறிமொழி (HTML) ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டி மறைத்துவிடும். யூனிகோடின் UTF-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. ‘கு’ என்றால் ஆறு. மூன்று மொழி மடல் அந்த எல்லையை விரைவில் தொடும், வெட்டுப்படுவது அடியிலுள்ள விலகல் (unsubscribe) இணைப்பு. பதிவு செய்யும்போதே மொழியைக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் அனுப்புங்கள்.

அந்த விலகல் இணைப்பு சும்மா ஒப்புக்கு வைப்பதல்ல. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விளம்பரச் செய்திக்குச் சம்மதமும், கட்டணமின்றி விலகும் வழியும் வேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்புவோர் ஒரே அழுத்தில் விலக வழிவைக்க வேண்டுமென்று ஜிமெயிலும் 2024இல் விதித்தது. இணைப்பை மங்கல் நிறத்தில் ஒளித்தால் சினந்தவர் ‘ஸ்பாம்’ என்று குறித்துவிடுவார். பிறகு விருப்பத்தோடு வாங்குவோருக்கும் உங்கள் மடல் சேராது.

தலைப்பு வரியில் போன் காட்டுவது முதல் முப்பது, நாற்பது எழுத்துகளே. ‘அன்பார்ந்த வாடிக்கையாளர்களே’ அதில் கிட்டத்தட்டப் பாதியைத் தின்றுவிடும். சலுகையையும் திகதியையும் முன்னே போடுங்கள், வணக்கம் உள்ளே வரட்டும்.