ளப்பு: தேடுவதும் படமெடுப்பதும்

ஹதீஸ் நூல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளில் ‘உடும்பு’ என்ற சொல் பல இடங்களில் வருகிறது. காலித் இப்னு வலீத் (ரழி) அவர்கள் அதன் இறைச்சியை உண்டதும், நபி (ஸல்) அவர்கள் தாம் உண்ணாதிருந்தும் அதனைத் தடுக்காமல் விட்டதும் நாம் இஸ்லாம் பாடத்தில் கேட்ட செய்திதான். ஆனால் அரபு மூலத்தில் உள்ள சொல் ‘ளப்பு’. அது நமது வயல் வரம்புகளில் ஓடும் உடும்பு அன்று. உடும்புக்கு அரபியில் ‘வரல்’ என்று பெயர். ‘வரானஸ்’ என்ற விஞ்ஞானப் பெயரும் அந்த அரபுச் சொல்லிலிருந்துதான் வந்தது. ளப்பு ‘யூரோமாஸ்டிக்ஸ்’ என்னும் வேறொரு சாதியைச் சேர்ந்தது.

உடும்பு பாம்பைப் போலப் பிளந்த நாக்கை நீட்டி நீட்டி இரை தேடும் ஊனுண்ணி. ளப்பு பெரும்பாலும் இலைதழை தின்று வாழ்வது. தட்டையான முகமும், வளையம் வளையமாக முட்கள் அடுக்கிய தடித்த வாலும் கொண்டது. இரண்டு அடிக்கு மேலும் வளரும். எத்தனை பக்கம் எழுதினாலும் தீராத இந்தக் குழப்பத்தை ஒரு நல்ல புகைப்படம் ஒரு நொடியில் தீர்த்துவிடும். நம்மில் பலரது வாப்பாமாரும் காக்காமாரும் வளைகுடா நாடுகளில் தொழில் செய்கிறார்கள். அவர்கள் ஒரு விடுமுறை நாளில் செய்து பார்க்கக்கூடிய காரியம் இது.

முதலில், மணற்குன்றுகளில் ளப்பைத் தேடிப் பயனில்லை. மணலில் வளை நிற்காது. சரளைக்கல் கலந்த, இறுகிய சமதரையில்தான் அது ஆழமாக வளை தோண்டும். வளையின் வாய் அடிப்பக்கம் தட்டையாக, மேற்பக்கம் வளைந்து, அரைநிலவைப் போல இருக்கும். வாயிலில் புதிதாகத் தள்ளிய மண்ணும், வால் இழுபட்ட கோடும், அதன் இருபுறமும் காற்சுவடுகளும் தெரிந்தால் ஆள் வீட்டில் இருக்கிறார் என்று கொள்ளலாம். பாலைவனத்திலும் ஓர் உடும்பு இனம் உண்டு. அது இரை தேடி வெகுதூரம் அலைவதால் அதன் தடம் வளைந்து வளைந்து நீண்டுகொண்டே போகும். ளப்பின் தடம் வளையைச் சுற்றியே நிற்கும்.

குளிர்காலத்தில் ளப்பு நிலத்துக்குள் அடங்கிக் கிடக்கும். மார்ச் முதல் மே வரையான காலமே பார்ப்பதற்கு உகந்தது. காலையில் வெளியே வரும்போது அதன் உடல் கருஞ்சாம்பல் நிறமாக இருக்கும். கருநிறம் வெப்பத்தை விரைவாக உறிஞ்சும் அல்லவா? உடல் சூடேறியதும் நிறம் வெளுத்து மஞ்சளாகிவிடும். காலையில் ஒரு படமும் பத்து மணிக்கு ஒரு படமும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு பிராணிகள் என்றே பார்ப்பவர் சொல்வார். உயிரியல் வகுப்பில் வெப்பச் சீராக்கம் என்று மனனம் செய்வதைக் கண்ணால் காண்பது இதுதான்.

நெருங்குவதுதான் கடினமான பகுதி. நிமிர்ந்து நடந்துவரும் மனிதனைக் கண்டால் ளப்பு ஓடிவிடும். நிறுத்திய வாகனத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. ஆகவே இயந்திரத்தை நிறுத்திவிட்டு யன்னல் வழியாகவே எடுப்பது நல்லது. இறங்கித்தான் ஆகவேண்டுமென்றால் நேராகப் போகாமல், வேறெங்கோ போவது போலச் சாய்வாக, குனிந்து நகர வேண்டும். அது தலையை உயர்த்தினால் நாம் நிற்க வேண்டும். தலையை வளைப்பக்கம் திருப்பினால் அடுத்த கணம் உள்ளே போய்விடும். உள்ளே போனதை வெளியே அழைக்க ஒரே வழி, தள்ளி உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருப்பது.

அதற்கும் வளைக்கும் நடுவே மட்டும் நிற்கக் கூடாது. இரண்டு வெயில்களுக்கு இடையில் கிடைக்கும் சில மணி நேரத்தில்தான் அது மேய்கிறது. அதற்குத் தண்ணீரும் பெரும்பாலும் அந்த இலைகளிலிருந்துதான். மிகையான உப்பை மூக்குத் துவாரத்தால் வெளியேற்றும். கிட்ட எடுத்த படத்தில் மூக்கருகே வெண்ணிறப் படிவு தெரிந்தால் அது தூசியல்ல, உப்பு. நாம் துரத்தி வீணாக்கும் ஒரு காலைப்பொழுது அதற்கு ஒரு நாள் உணவும் நீரும்.

கமராவை அதன் கண்மட்டத்துக்குத் தாழ்த்தி, கண்ணிலே குவியப்படுத்த வேண்டும். மேலிருந்து எடுத்தால் காய்ந்த விறகுத்துண்டு போலத்தான் விழும். வெளிறிய தரையைக் கண்டு கமரா தானாகவே படத்தை இருட்டாக்கிவிடும்; வெளிச்ச அளவைச் சற்றுக் கூட்டி வைத்தால் சரியாகும். வெயில் ஏறிய பின் நிலத்திலிருந்து கிளம்பும் கானல், தூரத்துப் படத்தை அலையவைக்கும். எவ்வளவு விலையுயர்ந்த வில்லை பூட்டினாலும் அதற்கு மருந்தில்லை. விடியற்காலைக்கே போய்விட வேண்டும்.

மணற்குன்றுக்குப் போனவர்களுக்கும் ஏமாற்றமில்லை. அங்கே உடலை நடுக்கி நடுக்கியே மணலில் புதைந்துபோகும் சிறிய ஓந்தி இனம் ஒன்று உண்டு. ‘மணல் மீன்’ எனப்படும் அரணையும் உண்டு. அது மணலுக்குள் கால்களை உடலோடு ஒட்டிவைத்து, உடலை மட்டும் அலைபோல் நெளித்து நீந்துகிறது என்பதை 2009 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர் கொண்டு படமெடுத்துக் காட்டினார்கள்.

கைப்பேசிக்கு வரும் சில காணொளிகளில் வளைக்குள் தண்ணீர் ஊற்றியும் வாகனப் புகையைச் செலுத்தியும் ளப்பை வெளியே எடுக்கிறார்கள். அதைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடிவதில்லை. பெரிய ளப்பு இனம் இன்று அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் செம்பட்டியலில் இருக்கிறது. வேட்டையாடுபவர்களுக்குத் தேவையானது வளை எங்கே என்ற தகவல்தான். அந்தத் தகவலைக் கைப்பேசி ஒவ்வொரு படத்தோடும் சேர்த்துப் பதிந்து வைத்திருக்கக்கூடும். வாப்பாவிடமோ காக்காவிடமோ படம் கேட்பவர்கள், முதலில் கமராவின் அமைப்புக்குள் போய் இடப்பதிவை நிறுத்திவிட்டு எடுக்கும்படி சொல்லுங்கள்.