ஒரு நிலம், மூன்று ஏடுகள்

மைசூரு மாவட்டத்து நஞ்சன்கூடு வட்டத்தில் ஒருவர் சிறு வயலொன்றை விலைக்கு வாங்குகின்றார் எனக் கொள்வோம். அவரது உரிமை நிலைபெற மூன்று அலுவலகங்கள் இயங்க வேண்டும். சார்பதிவாளர் கிரயப் பத்திரத்தைப் பதிவு செய்வார். வட்ட அலுவலகம் உடைமையாளர் பெயரை மாற்றும். நில அளவைத் துறை எல்லையையும் பரப்பையும் வரையறுக்கும்.

கருநாடகத்தில் இம்மூன்று பணிகளுக்கும் தனித்தனி மென்பொருள்கள் தோன்றின. நில உரிமை ஏடாகிய பஹணிக்குரிய 'பூமி' 2001இல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஏறத்தாழ 2 கோடி ஏடுகள் ஏற்றப்பட்டன. பத்திரப் பதிவுக்குரிய 'காவேரி' 2003இல் வந்தது. அளவைப் பணிக்கு 'மோஜிணி' ஏற்பட்டது.

இவை ஒவ்வொன்றும் ஒரே நிலத்தை வெவ்வேறு வகையில் நோக்குவன. காவேரிக்குப் பத்திரமே அடிப்படை அலகு, பூமிக்குச் சர்வே எண்ணும் உடைமையாளரும், மோஜிணிக்கு வரைபடம். ஓரிடத்தில் 45/2 என்றும் மற்றோரிடத்தில் 45-2 என்றும் எழுதப்பட்டால், அவை ஒன்றே என்பதைக் கணிப்பொறி தானாக உணராது. பள்ளியில் வருகைப் பதிவேடு வரிசை எண்ணையும், நூலகப் பதிவேடு பெயரை மட்டும் கொண்டிருந்தால், ஒரே பெயருடைய இரு மாணவர்களுள் நூலை எடுத்தவர் யாவர் என அறியவொண்ணாமை போன்றதே இது.

இதன் விளைவு சிறிதன்று. பத்திரம் பதிவான செய்தி வட்ட அலுவலகத்தை அடையத் தாழ்க்குமாயின், ஏட்டில் பழைய உடைமையாளர் பெயரே நிற்கும். அவர் அந்நிலத்தை மீண்டும் விற்கவோ அடகு வைக்கவோ இயலும்.

இதற்குத் தீர்வு பொதுத் தரவமைப்பு ஆகும். அஃதாவது, நிலம் என்பது எது, அதனை எவ்வெண்ணால் குறிப்பது, பரப்பை எவ்வலகில் எழுதுவது என்பவற்றில் எல்லாத் துறைகளும் முன்னரே உடன்படுதல். கருநாடகத்தில் பரப்பு ஏக்கர், குண்டை என எழுதப்படும். 40 குண்டை ஓர் ஏக்கர். 1.20 என்பதை ஒரு மென்பொருள் 1 ஏக்கர் 20 குண்டை எனவும், மற்றொன்று தசம எண்ணாகவும் கொண்டால், 12 குண்டை வேறுபாடு விளையும்.

இவ்வுடன்பாட்டின் பயனாக, பதிவுக்கு முன் விற்பவர் பெயரைப் பூமியில் ஒப்புநோக்கலாம். பதிவு முடிந்தவுடன் பெயர்மாற்றம் தொடங்கலாம். நிலத்தின் ஒரு பகுதி விற்கப்படுமாயின் உட்பிரிவு வரைபடம் முன்னரே தேவைப்படும். 2021இல் இந்திய அரசு தொடங்கிய 14 இலக்க நில அடையாள எண் இக்கொள்கையை நாடு முழுமைக்கும் விரிக்கின்றது.

எனினும், மூல ஏட்டிலுள்ள பிழையை இணைப்பு திருத்தாது. அதனை மூன்று அலுவலகங்களுக்கும் விரைந்து பரப்பும். ஆதலின் எண், பெயர், பரப்பு ஆகிய மூன்றையும் களத்திலேயே சரிபார்த்து எழுதுதல் பணியாளரின் தலையாய கடமையாகும்.