பழைய சோறும் சீனச்சட்டியும்

அத்திப்பட்டு போன்ற தொழிற்சாலை ஊர்களில் மாலை ஷிப்டு விடும் நேரத்தில் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? தள்ளுவண்டிக்காரர் இரும்புச் சட்டியில் சோற்றைத் தூக்கிப் போட்டுப் புரட்டிக்கொண்டிருப்பார். 'ஃபிரைடு ரைஸ்' தயாராகிறது. (அதில் அத்தனை வகை சாஸ் ஊற்ற வேண்டுமா என்பது வேறு கதை!) அந்தச் சட்டிக்கு நம் வீடுகள் பலவற்றில் என்ன பெயர் தெரியுமா? சீனச்சட்டி!

சீனாவின் வடபகுதியில் கோதுமையும் தென்பகுதியில் அரிசியும் முக்கிய உணவு. அரிசி உண்ணும் வீடுகளில் வறுத்த சோறு விருந்துப் பண்டமன்று; நேற்று மீந்த சோற்றை வீணாக்காமல் தீர்க்கும் வழி. அது ஏன் நேற்றைய சோறு? சூடான சோற்றில் மாவுச்சத்து நீரை உறிஞ்சி, உப்பி, பசைபோல் இருக்கும். அதை வறுத்தால் குழைந்து கட்டியாகிவிடும். ஆறிய பின்போ, அமைலோஸ் என்னும் நீண்ட மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி வரிசையாக இணைகின்றன. பருக்கை விறைத்துக்கொள்கிறது, உதிரியாக வறுபடுகிறது.

காய்கறியையும் இறைச்சியையும் பொடியாக நறுக்குவதற்கும் காரணம் உண்டு. 4 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத் துண்டின் மேற்பரப்பு 96 சதுர செ.மீ. அதையே 1 செ.மீ. பக்கமுள்ள 64 துண்டுகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 384 சதுர செ.மீ. வெப்பம் நுழைய நான்கு மடங்கு பரப்பு! சில நிமிடங்களில் வெந்துவிடும், விறகு மிச்சம். சாப்பிடும்போது கத்தியும் வேண்டாம், இரண்டு குச்சிகள் போதும்.

ஆனால் பழைய சோற்றில் ஓர் ஆபத்து உண்டு. 1971-ல் பிரிட்டனில் சீன உணவகங்களில் வறுத்த சோறு சாப்பிட்ட சிலர் சில மணி நேரத்திலேயே வாந்தியெடுத்தனர். ஆராய்ந்ததில் 'பாசில்லஸ் சீரியஸ்' என்னும் பாக்டீரியா பிடிபட்டது. மண்ணில் வாழும் இது அரிசியோடு சமையலறைக்கு வந்துவிடுகிறது. சோறு கொதிக்கும்போது பாக்டீரியா மடிந்தாலும் அதன் வித்துகள் பிழைத்துக்கொள்கின்றன. சோற்றை இரவு முழுவதும் வெளியே வைத்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. மறுநாள் வறுத்தால் கிருமி சாகும், நஞ்சு அழியாது. "நன்றாகச் சூடாக்கிவிட்டோமே" என்று நம்புவது இங்கே பலிக்காது.

அப்படியானால் நம் பழையது? அதை நாம் தண்ணீரில் அல்லவா ஊற வைக்கிறோம்! லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கச் செய்கின்றன. புளிப்பு ஏற ஏற பாசில்லஸ் சீரியஸ் பெருகுவது தடைப்படுகிறது. சீனரும் காலையில் கஞ்சி குடிப்பவர்களே. அந்தச் சீனக் கஞ்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கான்ஜி' என்ற பெயர், நம் 'கஞ்சி'யிலிருந்து போனதுதான்.

வீட்டில் ஃபிரைடு ரைஸ் செய்வதானால் சோற்றை அகன்ற தட்டில் பரப்பி விரைவாக ஆறவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள். குளிர்பெட்டி இல்லையா? அன்று வடித்த சோற்றை ஆறியவுடன் வறுத்துவிடுங்கள். வறுக்காமல் மீந்ததில் அன்றிரவே தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.