தூக்கி அடிப்பதா, காலில் வைத்து ஆடுவதா?

தருமபுரி மாவட்டத்தில் குறுவட்டக் கால்பந்துப் போட்டி எங்கே நடந்தாலும், கோட்டுக்கு வெளியே இருந்து ஒரு குரல் ஓயாமல் கேட்கும்: “தூக்கி அடிடா!” பின்வரிசைப் பையன் காலுக்கு வந்த பந்து மறுநொடியே வானத்தில் இருக்கும்.

அந்தக் குரலுக்கு நியாயம் உண்டு. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கம் பல பள்ளி மைதானங்களில் புல்லே கிடையாது; காய்ந்து இறுகிய செம்மண்ணும் சரளையும்தான். தரையோடு உருட்டிவிட்ட பந்து ஒரு கல்லில் பட்டுத் திசை மாறும். சொந்த கோலுக்கு முன்னால் அப்படி மாறினால் ஆட்டம் போச்சு. பந்தை எதிரணிப் பக்கம் அனுப்பிவிட்டால் ஆபத்தாவது தள்ளிப்போகும்.

லாங் பால் என்றாலே முரட்டு ஆட்டம் என்று நினைக்க வேண்டாம். பந்து விழும் இடத்தில் தலையால் முட்டிக் கீழே இறக்க ஒருவர் வேண்டும். சிதறி வரும் அந்த இரண்டாவது பந்தைப் பிடிக்க மிட்ஃபீல்டர்கள் அருகிலேயே நிற்க வேண்டும். பின்வரிசையும் கூடவே மேலேற வேண்டும். ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் பயிற்சியில் நேரடியாக முன்னேறி ஆடிய இந்திய அணிதான் 2017 ஜூலையில் ஃபிஃபா தரவரிசையில் 96-வது இடத்தைப் பிடித்தது. 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என வென்றது.

இந்த ஆட்டத்துக்கு ஒரு கணக்கும் துணைக்கு வந்தது. பிரிட்டிஷ் விமானப்படையில் கணக்கு அதிகாரியாக இருந்த சார்லஸ் ரீப், 1950 முதல் ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களில் விழுகின்றன என்றார். இங்கிலாந்தில் பலர் அதை வேதவாக்காகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஆட்டத்தில் நடக்கும் நகர்வுகளிலேயே மிகப் பெரும்பாலானவை மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுபவை. அப்படியிருக்க, கோல்களும் அவற்றிலிருந்தே அதிகம் வந்ததில் என்ன ஆச்சரியம்? நீண்ட நகர்வுகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றில் எத்தனை கோலாகின என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி?

மறுபக்கத்துக்குச் சான்று தேட ஸ்பெயின்வரை போக வேண்டியதில்லை, கோயம்புத்தூர் போதும். சென்னை சிட்டி எஃப்.சி. 2017-18 ஐ-லீக்கில் 10 அணிகளில் 8-வதாக முடித்தது. அடுத்த பருவத்துக்குச் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்ட அந்த அணியில், ஸ்பெயின் லீக்குகளில் ஆடிப் பழகிய பெட்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ ஆகியோரோடு நம் எட்வின் சிட்னி வன்ஸ்பாலும் ரொமாரியோ ஜேசுராஜும் ஆடினார்கள். பின்வரிசையிலிருந்தே பாஸ் கொடுத்து முன்னேறுவது அவர்கள் பாணி. மான்சி மட்டும் 21 கோல் போட்டார். 2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாப் முதல் கோலைப் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிய ஈஸ்ட் பெங்கால், சென்னை சிட்டியின் சறுக்கலுக்காகக் காத்திருந்தது. ஆனால் அணி பதறவில்லை. 3-1 என வென்றது. அதில் இரண்டு கோல் டிஃபெண்டர் கௌரவ் போரா போட்டவை. 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது.

இப்படிப் பாஸ் கொடுத்து முன்னேறும் ஆட்டம் ‘ரோண்டோ’ பயிற்சியில் தொடங்குகிறது. நான்கைந்து பேர் வட்டமாக நின்று பந்தைக் கைமாற்ற, நடுவில் நிற்பவர் பறிக்கப் பார்ப்பார். விளையாட்டுப்போலத் தெரிந்தாலும் கோச்சின் கண் வேறெங்கோ இருக்கும். பந்து வருவதற்கு முன்பே பையன் தோளைத் திருப்பிப் பின்னால் பார்த்தானா? உடம்பைப் பாதி திறந்து நின்று, பந்துக்குத் தள்ளியிருக்கும் காலால் வாங்கினானா? அப்படி வாங்கினால் அடுத்த பாஸுக்கான வழி அவன் முன்னாலேயே திறந்திருக்கும். பக்கத்துக் காலால் நிறுத்தினால் திரும்ப ஒரு நொடி போகும். அதற்குள் எதிராளி வந்துவிடுவான்.

பந்தை வைத்திருப்பதே வெற்றி ஆகிவிடாது என்பதும் உண்மை. 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிராக ஸ்பெயின் 1,000 பாஸுக்கு மேல் கொடுத்தும் 1-1 என முடிந்து, பெனால்டியில் தோற்று வெளியேறியது. பாஸ் கொடுப்பது எதிரணியை இழுத்து இடைவெளி உண்டாக்குவதற்காக. அந்த இடைவெளி 40 மீட்டர் தள்ளித் திறந்தால், அங்கே தூக்கிக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் 12 வயதில் தூக்கி அடிக்க மட்டுமே பழகியவனுக்கு அந்த இடைவெளி கண்ணிலேயே படாது. பந்தை நிறுத்தி, தலை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு யாரும் நேரம் கொடுத்ததில்லை. மாவட்டப் போட்டியில் ஜெயித்த பையன்கள் பெரிய அணித் தேர்வுகளில் திணறினால், அதற்குக் காரணம் திறமைக் குறைவு மட்டும்தானா?

பந்தைக் காலில் வைத்து ஆடப் பழக்குவதற்குப் பெரிய செலவும் வேண்டாம். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2018-இல் தொடங்கிய பேபி லீக், சிறுவர்களைச் சிறிய களத்தில், குறைந்த ஆட்களோடு ஆடவைக்கும் திட்டம்தான். ஒவ்வொருவர் காலுக்கும் பந்து பலமுறை வரும். தூக்கி அடித்தால் களத்துக்கு வெளியே போய்விடும். தருமபுரியின் பி.டி. சார்கள் முழு மைதானத்தையும் புல்தரை ஆக்க முடியாது. ஒரு மூலையில் கல்லைப் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு ஐவர் ஆட்டம் நடத்த முடியும். பதினொருவர் ஆட்டத்தைப் போட்டி நெருங்கும் மாதத்தில் வைத்துக்கொள்ளலாம்.