அமெரிக்க உள்ளாட்சி: பேசும் உரிமை எல்லோருக்கும், பேச வருவோர் சிலர்

அமெரிக்க அரசியல் என்றவுடன் வெள்ளை மாளிகையும் நாடாளுமன்றமும் நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் அதிபர் தேர்தலுமே பிற நாட்டார் நினைவுக்கு வருகின்றன என்றாலும், அந்நாட்டுக் குடிமக்களின் அன்றாட வாழ்வைத் தொடும் முடிவுகளில் பெரும்பகுதி வாஷிங்டனில் எடுக்கப்படுவதில்லை. பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிப்பார்கள், வீட்டுக்கு எவ்வளவு சொத்து வரி, தெருவில் காவலர் எப்படி நடந்துகொள்வார், பக்கத்து மனையில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழலாமா கூடாதா என்பனவற்றையெல்லாம் தீர்மானிப்பவை நாடெங்கும் பரவியிருக்கும் ஏறத்தாழ 90,000 உள்ளாட்சி அமைப்புகளே. மாவட்டத்தை ஒத்த கவுண்டிகள், நகராட்சிகள், சிற்றூராட்சிகள் ஆகியவற்றோடு, பள்ளிகளை மட்டும் நிர்வகித்து அதற்கெனத் தனியே வரி விதிக்கும் பள்ளி மாவட்டங்களும், குடிநீர், தீயணைப்பு, நூலகம், கொசு ஒழிப்பு என ஏதேனும் ஒரு பணிக்காக மட்டும் அமைக்கப்பட்ட தனிநோக்கு மாவட்டங்களும் இந்த எண்ணிக்கையில் அடங்கும். இவற்றில் தேர்தல் வழியே நிரப்பப்படும் பதவிகள் சுமார் ஐந்து லட்சம்.

இத்தனை பதவிகளும் இத்தனை மன்றங்களும் இருப்பதால், தனியொரு குடிமகனின் முயற்சிக்குத் தங்கள் நாட்டில் பெரும் இடம் உண்டு என்று அமெரிக்கர் பெருமை கொள்வதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த முயற்சிகள் பலன் தருவதற்கு மக்களின் ஆர்வத்தை மட்டும் காரணமாகச் சொல்வது பாதி உண்மையே ஆகும். எவர் எப்போது எங்கே எழுந்து பேசலாம், எத்தனை கையொப்பம் திரட்டினால் எது நடந்தே தீர வேண்டும் என்பதைச் சட்டம் முன்கூட்டியே வரையறுத்து வைத்திருப்பதுதான் அந்த ஆர்வத்துக்குக் கைகால் முளைக்கச் செய்கிறது. அதே சட்டங்களைப் பயன்படுத்தத் தேவையான ஓய்வும் வசதியும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்காதபோது, வந்து பேசிய சிலரின் விருப்பமே ஊரின் விருப்பம் என்று பதிவாகிவிடுகிறது.

இந்த மரபின் ஊற்றுக்கண் நாட்டின் வடகிழக்கு மூலையில், நியூ இங்கிலாந்து என்று அழைக்கப்படும் ஆறு மாநிலங்களில் இருக்கிறது. அங்குள்ள சிற்றூர்களில் இன்றும் நடைபெறும் 'டவுன் மீட்டிங்' என்னும் ஊர்க்கூட்டத்தில், வாக்காளர்கள் பிரதிநிதிகளின் துணையின்றித் தாங்களே கூடிச் சட்டமியற்றுகிறார்கள். வரவு செலவுத் திட்டத்தையும் தாங்களே நிறைவேற்றுகிறார்கள். பிரான்சிலிருந்து 1831-இல் அமெரிக்கா வந்து, தாம் கண்டவற்றை 1835-லும் 1840-லும் இரு பகுதிகளாக நூலாக்கிய அலெக்சிஸ் டி டோக்வில், சுதந்திரத்தைப் பழகிக்கொள்ளும் பயிற்சிக்களமாக இச்சிற்றூர்களையே கருதினார்.

வெர்மாண்ட் மாநிலத்தில் மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்ட நாளாகும். கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும் பொருள்களைப் பட்டியலிட்ட அறிவிப்பு, குறைந்தது 30 நாள்களுக்கு முன்பே ஊரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த அறிவிப்பில் இல்லாத எதன் மீதும் கூட்டம் கட்டுப்படுத்தும் முடிவை எடுக்க முடியாது. அதே வேளையில், ஊர் வாக்காளர்களில் 5 விழுக்காட்டினர் கையொப்பமிட்டு மனுக் கொடுத்தால், நிர்வாகக் குழுவினருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஊரின் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரு பொருளை அவர்கள் அப்பட்டியலில் சேர்த்தாக வேண்டும். ஐந்நூறு வாக்காளர் கொண்ட ஊரில் இருபத்தைந்து பேரைச் சம்மதிக்க வைக்கும் ஒருவர், ஊர் முழுவதையும் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வைத்துவிட முடியும் என்பது இதன் பொருள்.

கூட்டம் பெரும்பாலும் ஊர் மண்டபத்திலோ பள்ளி விளையாட்டுக் கூடத்திலோ, மடக்கு நாற்காலிகள் போட்டு நடக்கிறது. ஊரின் ஓராண்டுக் கணக்கு முழுவதும் அச்சிட்ட அறிக்கை ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். பல ஊர்களில் வரிபாக்கி வைத்திருப்போரின் பெயர்கள்கூட அதில் இடம்பெறுகின்றன. பனி அள்ளும் வண்டி புதிதாக வாங்கலாமா, பழையதையே இன்னும் ஓராண்டு ஓட்டலாமா என்பது போன்ற கேள்விகள் நெடுநேரம் விவாதிக்கப்படுவதும், யாரோ ஒருவர் எழுந்து தொகையைக் குறைக்கத் திருத்தம் கொண்டுவருவதும், அத்திருத்தம் கைதூக்கி முடிவு செய்யப்படுவதும் அங்கு வழக்கம். நார்மன் ராக்வெல் 1943-இல் வரைந்த, பேச்சுரிமையைக் குறிக்கும் புகழ்பெற்ற ஓவியம் வெர்மாண்டின் ஆர்லிங்டன் ஊரில் நடந்த அத்தகைய கூட்டம் ஒன்றை மனத்தில் கொண்டு எழுந்ததே. கழுத்துப்பட்டி அணிந்தவர்கள் நடுவே உழைப்பாளியின் மேலங்கியோடு ஒருவர் எழுந்து நிற்க, மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துக் கேட்கும் அக்காட்சியில், பேசுபவரின் சட்டைப்பையில் மடித்துச் செருகிய ஊர் அறிக்கை தெரிகிறது. ஓவியர் அதைக் கவனித்து வரைந்திருக்கிறார். கணக்கைப் படித்துவிட்டு வந்தவர் பேசுகிறார் என்பதுதான் அந்தப் படத்தின் உயிர்.

இக்கூட்டங்களின் வலிமையை 1936-ஆம் ஆண்டின் ஒரு முடிவு காட்டுகிறது. பெரும் பொருளாதார வீழ்ச்சியில் நாடே தவித்திருந்த காலத்தில், வெர்மாண்டின் பசுமை மலைத்தொடர் நெடுகிலும் சுமார் 260 மைல் நீளச் சாலை அமைக்க மத்திய அரசு 1.8 கோடி டாலர் தர முன்வந்தது. வேலைவாய்ப்பையும் சுற்றுலா வருவாயையும் கொண்டுவரக்கூடிய அத்திட்டத்தை, மலையும் நிலமும் மத்திய அரசின் கைக்குப் போய்விடும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்ள, ஊர்க்கூட்ட நாளன்று வாக்களித்த வெர்மாண்ட் மக்கள் பெரும்பான்மையாக நிராகரித்தார்கள். பின்னர் 1982-இல், அணு ஆயுதப் பெருக்கத்தை நிறுத்திவைக்கக் கோரும் தீர்மானத்தை 150-க்கும் மேற்பட்ட வெர்மாண்ட் ஊர்கள் நிறைவேற்றியபோது, பனி வண்டி பற்றிப் பேசும் மன்றங்கள் உலக விவகாரத்தையும் பேசக்கூடியவை என்பது தெரிந்தது. ஆயினும் இம்மரபை மிகைப்படுத்திப் பேசுவது சரியாகாது. ஏறத்தாழ முப்பதாண்டுகளில் 1,500-க்கும் அதிகமான கூட்டங்களுக்குத் தம் மாணவர்களை அனுப்பித் தகவல் திரட்டிய அரசியல் அறிஞர் ஃபிராங்க் பிரையன், கூட்டத்துக்கு வருவோர் சராசரியாக வாக்காளர்களில் ஐந்தில் ஒரு பங்கினரே என்றும், ஊர் பெரிதாகப் பெரிதாக வருகை குறைகிறது என்றும் 2004-இல் வெளியிட்ட நூலில் காட்டினார்.

பெருநகரங்களுக்கு இம்முறை பொருந்தாது என்பதால் அங்கே வேறு கருவிகள் உருவாகின. லாஸ் ஏஞ்சலஸில் செல்வந்தராகவும் மருத்துவராகவும் விளங்கிய ஜான் ராண்டால்ஃப் ஹேன்ஸ், நகர மன்றத்தைப் பெரு நிறுவனங்கள் ஆட்டிவைப்பதைக் கண்டு பல ஆண்டுகள் விடாமல் பிரசாரம் செய்ததன் விளைவாக, 1903-இல் அந்நகரின் சாசனத்தில் மூன்று உரிமைகள் சேர்ந்தன. மக்களே சட்டவரைவு ஒன்றை எழுதிக் கையொப்பம் திரட்டி வாக்கெடுப்புக்குக் கொண்டுவருவது முதலாவது. மன்றம் இயற்றிய சட்டத்தைப் பொது வாக்கெடுப்புக்கு உட்படுத்துவது இரண்டாவது. பதவிக்காலம் முடியும் முன்பே உறுப்பினரைத் திரும்ப அழைப்பது மூன்றாவது. அடுத்த ஆண்டே ஓர் உறுப்பினர் இம்முறையில் பதவி இழந்தார்; 1911-இல் கலிபோர்னியா மாநிலம் முழுவதற்கும் இவ்வுரிமைகள் விரிந்தன. பெரு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தப் பிறந்த இக்கருவிகளை, இன்று கூலிக்குக் கையொப்பம் திரட்டும் ஆள்களை அமர்த்தி அந்நிறுவனங்களே பயன்படுத்துவது வருந்தத்தக்க திருப்பம்.

இவற்றைவிட எளிய கருவி, பொதுக்கருத்து நேரம். கலிபோர்னியாவில் 1953-இல் இயற்றப்பட்ட பிரவுன் சட்டத்தின்படி, உள்ளாட்சி மன்றங்கள் திறந்த அவையிலேயே கூட வேண்டும். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். பேச விரும்பும் பொதுமக்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டும். வருபவர் சிறு சீட்டு ஒன்றை நிரப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். பெயர் அழைக்கப்பட்டதும் ஒலிவாங்கி முன் நிற்கிறார். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடம். சிவப்பு விளக்கு எரிந்தால் முடித்துக்கொள்ள வேண்டும். உறுப்பினர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களல்லர், நிரலில் இல்லாத பொருள் மீது அன்றே முடிவெடுக்கவும் முடியாது. மூன்று நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஆனால் சொன்னது பதிவேட்டில் ஏறுகிறது, அடுத்த வாரமும் வரலாம், அதற்கடுத்த வாரமும் வரலாம்.

ஒருவர் விடாமல் வந்துகொண்டே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க் மாநிலத்து நயாகரா ஃபால்ஸ் நகரின் லவ் கெனால் பகுதியைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. பாதியில் கைவிடப்பட்ட கால்வாய் ஒன்றில் ஏறத்தாழ 20,000 டன் வேதிக்கழிவைப் புதைத்த ஹூக்கர் நிறுவனம், 1953-இல் அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் ஒப்படைத்தது. பின்னால் நேரும் தீங்குக்குத் தான் பொறுப்பில்லை என்னும் வாசகமும் பத்திரத்தில் இருந்தது. அந்த இடத்தில் தொடக்கப்பள்ளி எழுந்தது, சுற்றிலும் வீடுகள் பெருகின. அப்பள்ளியில் பயின்ற தம் மகனுக்கு வலிப்பு நோய் கண்டதை அடுத்து, அவனை வேறு பள்ளிக்கு மாற்றக் கேட்டு மறுக்கப்பட்ட லாயிஸ் கிப்ஸ் என்னும் இல்லத்தரசி, 1978-இல் பள்ளியை மூடக் கோரும் மனுவோடு வீடு வீடாகச் சென்றார். அரசியல் அனுபவமோ மேடைப் பழக்கமோ இல்லாத அவருக்கு முதல் கதவைத் தட்டுவதே பெரும் தயக்கமாக இருந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு 2 அன்று மாநிலச் சுகாதார ஆணையர், கால்வாயை ஒட்டிய வீடுகளில் உள்ள கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் மட்டும் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார். மூன்று வயதுக் குழந்தைக்கு அதே மண் நஞ்சாகாதா என்று தாய்மார்கள் கேட்டதற்கு அதிகாரிகளிடம் ஏற்கத்தக்க விடை இல்லை. ஐந்து நாளில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அவசரநிலை அறிவித்தார், முதல் இரு வரிசை வீடுகளைச் சேர்ந்த இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அரசுச் செலவில் இடம்பெயர்ந்தன. எஞ்சிய குடும்பங்களுக்கு ஆபத்தில்லை என்று அரசு சாதித்தபோது, கிப்ஸும் அண்டை வீட்டாரும் தொலைபேசி வழியே ஒவ்வொரு வீட்டின் நோய் விவரத்தையும் கேட்டுத் தெரு வரைபடத்தில் குறித்தார்கள். நோய்கள் சில கோடுகளின் வழியே குவிந்திருப்பதும், அக்கோடுகள் பல காலம் முன்பு மூடப்பட்ட ஓடைத்தடங்கள் என்பதும் தெரியவந்தது. உயிரியல் ஆய்வாளர் பெவர்லி பெய்கன் இதை முறைப்படுத்தி முன்வைத்தார். இல்லத்தரசிகள் திரட்டிய தகவல் என்று மாநில அதிகாரிகள் முதலில் அதைப் புறந்தள்ளினார்கள். போராட்டம் தொடர்ந்தது. 1980 மே மாதத்தில் இரண்டாவது அவசரநிலையும், டிசம்பரில் நச்சுக்கழிவு நிலங்களைத் தூய்மைப்படுத்தும் 'சூப்பர்ஃபண்ட்' சட்டமும் வந்தன. பள்ளி மாற்றம் கேட்டுத் தொடங்கிய முயற்சி நாட்டின் சட்டமாக முடிந்த இந்நிகழ்வில், தாய் ஒருத்தியின் உறுதிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, மனு, பொது விசாரணை, தேர்தல் ஆண்டின் நெருக்கடி ஆகியவற்றுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

ஆனால் எல்லாக் கதவுகளையும் எல்லோரும் தட்டுவதில்லை. கேத்ரின் ஐன்ஸ்டீன், டேவிட் கிளிக், மாக்ஸ்வெல் பாமர் ஆகிய பாஸ்டன் பல்கலைக்கழக அறிஞர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நகரங்களில் நடந்த திட்டக்குழுக் கூட்டங்களின் குறிப்புகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட நூல், அங்கு பேசியவர்கள் ஊரின் பொது மக்கள்தொகையைவிட வயதில் மூத்தவர்களாகவும் சொந்த வீடு உடையவர்களாகவும் ஆண்களாகவும் இருப்பது அதிகம் என்றும், புதிய வீடுகள் கட்டுவதை அவர்களில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள் என்றும் நிறுவியது. அந்த வீடுகளில் எதிர்காலத்தில் குடியேறக்கூடியவர் எவரும் அக்கூட்டத்துக்கு வந்திருக்க முடியாது. இரவு ஏழு மணிக்குக் கூடும் கூட்டம், அந்நேரத்தில் வேலையில் இருப்பவருக்கும் கைக்குழந்தை உள்ளவருக்கும் மூடிய கதவே.

இதன் கொடிய வடிவம் மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசனில் வெளிப்பட்டது. மக்களில் மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவராக இருந்த அந்நகரில், 2013 ஏப்ரலில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வாக்களித்தோர் சுமார் 12 விழுக்காட்டினர் மட்டுமே. ஆறு பேர் கொண்ட மன்றத்தில் கறுப்பினத்தவர் ஒருவரே இருந்தார். சிறு சிறு போக்குவரத்துக் குற்றங்களுக்கும் அபராதம் விதித்து வருவாயைப் பெருக்குவதையே நகரின் காவல்துறையும் நீதிமன்றமும் நோக்கமாகக் கொண்டிருந்ததையும், 2013-இல் மட்டும் 9,000-க்கும் மேற்பட்ட கைது ஆணைகள் பிறப்பிக்கப்பட்டதையும் மத்திய நீதித்துறை 2015 மார்ச்சில் அம்பலப்படுத்தியது. 2014 ஆகஸ்டில் பதினெட்டு வயது மைக்கேல் பிரவுன் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே நாட்டின் கண் அந்நகர் மீது விழுந்தது. அடுத்த ஏப்ரலில் வாக்குப்பதிவு ஏறத்தாழ 30 விழுக்காடாக உயர்ந்து, மன்றத்தில் கறுப்பின உறுப்பினர்கள் மூவராயினர். ஓர் உயிர் போன பிறகுதான் இந்த மாற்றம் வந்தது என்பதை அமெரிக்க உள்ளாட்சியின் தோல்வியாகவே கொள்ள வேண்டும்.

இக்குறையைத் தீர்க்கச் சில ஊர்கள் முயன்றிருக்கின்றன. மேரிலாந்தின் டகோமா பார்க் நகரம் 1990-களிலேயே குடியுரிமை பெறாதவர்களுக்கும், 2013-இல் பதினாறு வயதினருக்கும் நகரத் தேர்தலில் வாக்குரிமை அளித்தது. திவாலாகி மீண்ட கலிபோர்னியாவின் வல்லேஹோ, நகர நிதியில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்பதை மக்களே முன்மொழிந்து வாக்களித்து முடிவுசெய்யும் முறையை 2012-இல் நகர் முழுவதற்கும் கொண்டுவந்தது. இவை நல்ல முயற்சிகள், ஆனால் சிறியவை.

பெரும் பலன் தரக்கூடிய சீர்திருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்க உள்ளாட்சித் தேர்தல்களில் மிகப்பல, அதிபர் தேர்தலோ நாடாளுமன்றத் தேர்தலோ இல்லாத தனி நாளில் நடத்தப்படுகின்றன. கட்சி அரசியல் ஊர் விவகாரத்தில் கலக்கக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்நாளை நினைவில் வைத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்கு வருவோர் மிகச் சிலர் என்பது அதன் விளைவு. லாஸ் ஏஞ்சலஸில் 2017 மார்ச்சில் நடந்த மேயர் தேர்தலில் பதிவு பெற்ற வாக்காளர்களில் சுமார் 20 விழுக்காட்டினரே வாக்களித்தார்கள். வாக்காளர்கள் ஒப்புதலோடு சாசனம் திருத்தப்பட்டு, நகரத் தேர்தல் மாநிலத் தேர்தலோடு சேர்த்து 2022 நவம்பரில் நடந்தபோது அது 40 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த ஆண்டுப் போட்டி கடுமையாக இருந்ததும் ஒரு காரணம் என்பது மெய்யே. ஆனால் நாள் மாற்றமின்றி இவ்வளவு பெரிய உயர்வு வந்திருக்காது. மக்களுக்கு அக்கறை இல்லை என்று குறைகூறும் நகரங்கள், முதலில் தங்கள் தேர்தல் நாளையும் கூட்ட நேரத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.